44,100: இறுவட்டு இசைக்காக ஒரு டாக் தெரிவு செய்த கதை

கடந்த மார்கழி மழையின்போது, 19 ஆண்டுகள் என்னோடிருந்த இறுவட்டு இயக்கி, உள்ளே வைத்த வட்டைச் சில நொடிகள் சுழற்றிப் பார்த்துவிட்டு, வட்டே இல்லையென்று காட்டத் தொடங்கியது. மூடியைத் திறந்து பார்த்தேன். லேசர் வில்லையில் பால் படிந்தாற்போல ஒரு மங்கல். பின்புறத்தில் கம்பிகள் செருகும் குழிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. திருகாணிகளின் தலைகளில் துரு. திருகோணமலையின் டச்பே கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். வாடைக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தக் காற்றையே அந்த இயக்கியும் இத்தனை ஆண்டுகள் குடித்திருக்கிறது.

என்னிடம் 430 இறுவட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை கர்நாடக இசை. அவற்றிலும் பாதிக்கு மேல் நாதஸ்வரமும் தவிலும். சிலவற்றை அப்பா கொழும்புக்குப் போய்வரும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தார். யாழ்ப்பாணத்துக் கலைஞர்களின் பதிவுகள் சில இன்று எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. ஆகவே இன்னோர் இயக்கியை வாங்கி அதையும் உப்புக்காற்றுக்குக் கொடுப்பதை விட, வட்டுகள் அனைத்தையும் ஒரு பிட்டும் குறையாமல் ஃபிளாக் கோப்புகளாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு மணி நேர இசை இறுவட்டில் ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் பிடிக்கும்; ஃபிளாக் அதைப் பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருக்கினாலும், விரிக்கும்போது பழைய எண்கள் அப்படியே திரும்பி வந்துவிடும். அதன்பின் எஞ்சியிருந்த வேலை ஒன்றுதான். அந்த எண்களை மின்னலையாக மாற்றி அம்பிளிபயருக்குக் கொடுக்கும் கருவி வேண்டும். இசைப்பிரியர்கள் அதை டாக் என்று அழைக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படியொரு பொருளுக்குப் பெருந்தொகை செலவிட முடியும் என்பதால், நல்லதாகவே வாங்கிவிட எண்ணி நான்கு மாதங்கள் இதிலேயே ஊறிக் கிடந்தேன்.

உயர்தர டாக் ஒன்றின் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய எண்கள்தான்: நொடிக்கு 768,000 மாதிரிகள் (ஒலியலையை ஒரு கணத்தில் அளந்த எண்ணே மாதிரி), 32 பிட். என் வட்டுகளிலோ நொடிக்கு 44,100 மாதிரிகளும், மாதிரி ஒன்றுக்கு 16 பிட்டும்தான் உள்ளன. இந்த 44,100 என்னும் எண்ணின் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. தொடக்க காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிந்துவைக்க வீடியோ நாடாக்களையே பயன்படுத்தினார்கள். ஒரு வீடியோக் கோட்டில் 3 மாதிரிகள் வீதம், 245 கோடுகளும் நொடிக்கு 60 புலங்களும் (ஒரு புலம் என்பது பாதிப் படம்) கொண்ட முறையில் கணக்குப் போட்டாலும், 294 கோடுகளும் 50 புலங்களும் கொண்ட முறையில் கணக்குப் போட்டாலும் 44,100 என்றே வரும். பிலிப்ஸும் சோனியும் 1980 இல் இறுவட்டுக்கான நியமத்தை வகுத்தபோது அந்த எண்ணே நிலைத்துவிட்டது. மனிதக் காது கேட்கக்கூடிய 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலி முழுவதும் அதற்குள் அடங்கும். 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தரும்.

இது போதாது என்பவர்கள் பலர். எனக்குப் போதும் என்பதில் ஐயமில்லை. 2007 இல் மேயர், மோரன் என்னும் இருவர், உயர் தெளிவு வட்டுகளிலிருந்து வரும் ஒலியை 44,100 மாதிரி, 16 பிட் என்னும் குறுகிய வாயில் வழியாகச் செலுத்தியும் செலுத்தாமலும் பலருக்குக் கேட்கக் கொடுத்து, வழமையான ஒலியளவில் எவராலும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். ஆகவே ஒரு டாக் எத்தனை பெரிய கோப்பை விழுங்கும் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த 44,100 மாதிரிகளையும் அது எப்படி நடத்துகிறது என்ற ஒன்றை மட்டுமே கேட்கத் தொடங்கினேன். அப்படிக் கேட்டால் விலைப்பட்டியலின் ஒழுங்கே மாறிவிடுகிறது.

முதலாவது வடிகட்டி. மாதிரிகள் என்பவை தனித்தனிப் புள்ளிகள். அவற்றை ஒரே ஓட்டமான அலையாக இணைக்கும்போது, 22,050 ஹேர்ட்ஸுக்கு மேலே மூல ஒலியின் நிழல்கள் தோன்றும். 20,000 வரை எதையும் தொடாமல் விட்டு, 22,050 ஐத் தாண்டியதும் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்றால், அதற்குக் கிடைக்கும் இடைவெளி மிகவும் குறுகியது. 96,000 மாதிரிக் கோப்புகளில் இந்த இடைவெளி அகலமாக இருப்பதால் எந்த வடிகட்டியும் சமாளித்துவிடும்; இறுவட்டில்தான் வடிகட்டியை ஆக்கியவரின் திறமை தெரியவரும். கோர்ட் நிறுவனத்துக்காக ராப் வாட்ஸ் வடிவமைத்த எம் ஸ்கேலர் என்னும் கருவி 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கீட்டுப் படிகளைக் கொண்ட வடிகட்டியை இதற்காகவே இயக்குகிறது. அத்தனை படிகள் தேவைதானா என்று நான் வாதிட வரவில்லை. அவர்கள் சரியான இடத்தில் உழைக்கிறார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

வடிகட்டியே வேண்டாம் என்று சொல்லும் ஒரு சாராரும் உண்டு. அவர்கள் மாதிரிகளுக்கிடையே புதியவற்றைக் கணித்துச் சேர்க்காமல், படிக்கட்டு வடிவத்திலேயே வெளியே விடுவார்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை தடையிகளை ஏணிபோல அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து மின்னழுத்தத்தை உருவாக்குபவை. கொழும்பில் உள்ள நண்பர் ஒருவர் அத்தகைய ஏணி டாக் ஒன்றை வைத்திருந்தார். வடிகட்டியோடும் அது இல்லாமலும் இயங்கக்கூடியது. விலை என் கனவுக்கும் அப்பாற்பட்டது. இரவுப் புகையிரதத்தில் அதை மடியில் வைத்துத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தேன். மூன்று கிழமைகள் அது எங்கள் வீட்டில் இருந்தது.

முதல் நாள் கேட்டபோது மயங்கிப்போனேன் என்றே சொல்ல வேண்டும். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் ஓசைக்கு ஓர் உடல் இருந்தது. இடப்புறத் தொப்பியில் பூவரசங் கழி விழும்போது அறையின் காற்றே அசைந்தது. என்னிடம் ஏற்கெனவே இருந்த சாதாரண டாக்கில் கேட்டதைவிட எல்லாமே நெருங்கி வந்தாற்போல இருந்தது. மறுநாள் காலை, 100 ஹேர்ட்ஸ் ஒற்றைச் சுரம் ஒன்றை இசைக்கவிட்டு, ஒலிபெருக்கியின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை வைத்தேன். பழைய டாக் 2.00 வோல்ற். ஏணி டாக் 2.31 வோல்ற். அம்பிளிபயரின் குமிழை நான் தொடவேயில்லை. இது ஏறத்தாழ 1.25 டெசிபல் வேறுபாடு. இந்த அளவு கூடினால் காது "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது; "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். நெருக்கம், உடல், காற்று என்று நான் முந்தைய இரவு குறிப்பேட்டில் எழுதிய சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை அந்த 0.31 வோல்ற்றுக்குச் சேர வேண்டியவை.

இதை வாசிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு டாக்குகளை ஒப்பிடுவதற்கு முன் அவற்றின் ஒலியளவை 0.1 டெசிபலுக்குள் கொண்டுவர வேண்டும், அதாவது 2.00 வோல்ற் என்றால் மற்றது 1.98 க்கும் 2.02 க்கும் இடையில் நிற்க வேண்டும். கடைகளில் எவரும் இதைச் செய்து காட்டுவதில்லை. மல்டிமீற்றரோ சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் பொருள். விலை குறைந்த மல்டிமீற்றர்கள் உயர்ந்த சுரங்களில் பிழையாகக் காட்டும் என்பதால்தான் 100 ஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுரத்தைத் தெரிவு செய்தேன்.

ஒலியளவைச் சமப்படுத்திய பிறகு, அக்காவின் மகனை உதவிக்கு அழைத்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, "மாமா, இப்ப மாத்தியாச்சு, சொல்லுங்கோ" என்பான். நான் எது என்று சொல்ல, அவன் எழுதிக்கொள்வான். ஏணி டாக்கின் வடிகட்டி இயங்கும்போது 20 முறையில் 11 முறை சரியாகச் சொன்னேன். அது நாணயம் சொல்லும் அளவுதான். வடிகட்டியை நிறுத்திப் படிக்கட்டு வழியில் இயக்கியபோது 20 இல் 16. காட்டிக் கொடுத்தது தாளம். நாதஸ்வரக் கச்சேரியின் பின்னணியில் ஒலிக்கும் அந்தச் சிறிய வெண்கலத் தாளத்தின் மினுக்கு, படிக்கட்டு வழியில் ஒரு மெல்லிய துணியால் மூடியதுபோல இருந்தது. கணக்கும் அதையே சொல்கிறது: 44,100 மாதிரிகளைப் படிக்கட்டாக விட்டால் 10,000 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 0.75 டெசிபலும், 20,000 ஹேர்ட்ஸில் 3 டெசிபலுக்குச் சற்று மேலும் குறையும். சிலருக்கு இந்த மென்மை இதமாக இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவில் உள்ள தாளம் எனக்கு முழுதாக வேண்டும்.

ஏணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16 பிட் என்றால் 65,536 படிகள். மிகப் பெரிய பிட்டுக்குரிய தடையி அத்தனையில் ஒரு பங்கு துல்லியத்தோடு, அதாவது நூற்றுக்கு 0.0015 என்ற அளவுக்குள் நிற்க வேண்டும். அது தவறினால் பிழை எங்கே கேட்கும் என்பதுதான் முக்கியமானது. அலை சுழியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாச் சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் புரளும்; ஆகவே முழங்கும் தவிலில் அந்தப் பிழை மறைந்துவிடும், ஆலாபனையின் முடிவில் தேய்ந்து மறையும் சுரத்திலேதான் கரகரப்பாக வெளிப்படும். நல்ல ஏணிகளை ஆக்குபவர்கள் இதைத் தவிர்க்கப் பல வழிகளைக் கையாள்கிறார்கள். அந்த உழைப்புக்குத்தான் விலை. ஏணிக்குப் பதிலாகச் சில பிட்டுகளை மட்டும் மிக வேகமாகப் புரட்டி இயங்கும் டெல்டா-சிக்மா வகைச் சில்லுகள் இதே துல்லியத்தை வேறு வழியாக, மிகக் குறைந்த செலவில் எட்டிவிடுகின்றன. என்னைப் போன்று அளந்து செலவிடுபவர்களுக்கு இது பெரிய கொடை.

அடுத்தது தலைக்கு மேலே விடும் இடம். இதைப் பலர் கவனிப்பதில்லை. மாதிரிப் புள்ளிகள் எல்லாம் உச்ச எல்லைக்குள் இருந்தாலும், அவற்றை இணைக்கும் அலை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எல்லையைத் தாண்டக்கூடும். 11,025 ஹேர்ட்ஸ் சுரம் ஒன்றின் மாதிரிகள் அலையின் உச்சிக்கு இரு பக்கமும் சமமாக விழும்படி அமைந்தால், புள்ளிகள் எல்லையைத் தொடும்போது உண்மையான உச்சி 3 டெசிபல் மேலே நிற்கும். பழைய பதிவுகளில் இதனால் தொல்லையில்லை. ஆனால் மறுபதிப்பு என்று சொல்லி ஒலியளவைக் கூரைவரை உயர்த்தி வெளியிட்ட வட்டுகளில், தவிலின் ஒவ்வோர் அடியும் எல்லையில் மோதுகிறது; டாக்கின் வடிகட்டியில் இடமில்லாவிட்டால் அங்கே அலையின் தலை வெட்டுப்படும். பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டாக்குகளில் இதற்கென்றே 3.5 டெசிபல் இடம் விட்டிருக்கிறது. மற்ற டாக்குகளில், சில்லுக்குப் போகுமுன் டிஜிட்டல் ஒலியளவை 3 டெசிபல் குறைத்துவிட்டால் பெரும்பாலும் போதும். அப்படிக் குறைத்தால் தெளிவு போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. 24 பிட் பாதையில் 16 பிட் இசைக்குக் கீழே இன்னும் 8 பிட், அதாவது 48 டெசிபல், வெறுமையாகவே கிடக்கிறது.

மாதிரிகள் வந்துசேரும் நேரத்தில் ஏற்படும் பிழையைப் பற்றி மிகுதியாக எழுதப்படுகிறது. 20,000 ஹேர்ட்ஸ் முழு அலையில் அரைப் படி அளவுக்கும் பிழை வரக்கூடாது என்றால், மாதிரிகள் 121 பிக்கோ நொடிக்கும் (ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவான தடுமாற்றத்தோடு வர வேண்டும். நல்ல கருவிகள் அனைத்தும் இன்று இதை எளிதாகக் கடந்துவிடுகின்றன. யூஎஸ்பி வழியாக இணைத்தால் டாக்கின் உள்ளிருக்கும் கடிகாரமே தலைமை ஏற்கிறது. நான் அதில் நேரத்தைச் செலவிடவில்லை.

என்னை உண்மையில் அதிரவைத்தது வேறொன்று. ஆர்எம்இ நிறுவனத்தின் ஏடிஐ-2 டாக்கில் ஒரு பிட் சோதனை உண்டு. அவர்கள் தரும் சோதனைக் கோப்பை இசைக்கவிட்டால், வந்து சேரும் எண்கள் ஒன்றும் மாறாமல் இருக்கின்றனவா என்பதைக் கருவியே பார்த்துத் திரையில் சொல்லிவிடும். கொழும்பில் வேறொரு நண்பர் வீட்டில் இந்தக் கருவியை என் மடிக்கணினியோடு இணைத்தபோது, சோதனை தேறவில்லை. தேடிப் பார்த்தால், கணினியில் பல செயலிகளின் ஒலிகளை ஒன்றாக்கும் ஒலிக்கலவை எல்லாவற்றையும் 48,000 மாதிரிகளாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. 44,100 க்கும் 48,000 க்கும் எளிய விகிதம் கிடையாது. ஒவ்வொரு மாதிரியும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். பிட் பிசகாமல் வட்டுகளை எடுத்து, கோப்பு ஒவ்வொன்றையும் சரிபார்த்து வைத்த நான், கடைசி முழத்தில் அத்தனையையும் மாதக்கணக்காக மாற்றிக் கேட்டிருக்கிறேன். இசைக்கும் செயலியில் கலவையைத் தாண்டிச் செல்லும் வழியைத் தெரிவு செய்ததும் சோதனை தேறியது. அந்த நிமிடத்திலேயே, வாங்கினால் இப்படித் தன்னைத்தானே சோதித்துச் சொல்லும் கருவியைத்தான் வாங்குவது என்று மனம் உறுதியாகிவிட்டது.

அதே கருவியில் எனக்குத் தேவையான இன்னொன்றும் இருந்தது. 1980 களில் வந்த சில இறுவட்டுகளில் உயர்ந்த சுரங்களை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருப்பார்கள். 20,000 ஹேர்ட்ஸை நெருங்கும்போது அந்தத் தூக்கல் ஏறத்தாழ 10 டெசிபலை எட்டும். வட்டில் உள்ள ஓர் அடையாளத்தைப் பார்த்து இயக்கி அதைத் திரும்பக் குறைத்துவிடும். கோப்பாக மாற்றும்போது அந்த அடையாளம் பெரும்பாலும் தொலைந்துபோகும். இசை காதைக் கிழிக்கும். கேட்பவர் டாக்கைத் திட்டுவார். அப்பாவின் வட்டுகளில் இத்தகையவை ஏழு உள்ளன. ஏடிஐ-2 இல் இந்தக் குறைப்பைக் கையாலேயே இயக்கிவிடலாம்.

இவற்றோடு ஊரின் கணக்கும் சேர்ந்தது. 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை இங்கு எவரும் மறந்திருக்கமாட்டோம். இன்று நிலைமை அப்படியில்லை என்றாலும், இடிமழைக் காலத்தில் மின்சாரம் வந்துவந்து போவது வழமைதான். 230 வோல்ற்றை நேரடியாக உட்கொண்டு, பெரிய மின்மாற்றியோடு எடை மிகுந்து நிற்கும் டாக்குகள் பார்ப்பதற்கு அழகானவை. ஆனால் ஓர் இடியில் போனால் திருத்துவதற்குக் கப்பலேற்ற வேண்டும். ஏடிஐ-2 டாக் 12 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குவது. மூடிய மின்கலம் ஒன்றை வாங்கி அதிலேயே இணைத்துவிட்டேன். மழை இருட்டும்போது சுவரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். ஒலிபெருக்கியில் எப்போதும் மெல்லியதாக இருந்துவந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும், கருவிகளின் நிலத்தொடுப்புக் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவாகியிருந்த வளையம் அறுந்ததால், அதோடு மறைந்தது.

இந்தக் கருவியின் உள்ளே உள்ள சில்லும் ஒரு கதையைச் சுமக்கிறது. 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது, அதன் சில்லுகளை நம்பியிருந்த பல டாக் தயாரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். ஆர்எம்இ அதன்பின் ஈஎஸ்எஸ் நிறுவனத்தின் சில்லுக்கு மாறியது. பழைய சில்லே இனிமையானது என்று கூடுதல் விலை கொடுத்துத் தேடுபவர்கள் உண்டு. ஒலியளவைச் சமப்படுத்தி, கண்ணை மூடி, 20 முறை கேட்டுப் பார்க்காத வரை அந்தக் கூடுதல் பணத்தை நான் கொடுக்கமாட்டேன்.

தீர்வையும் வரிகளும் சேர்ந்து 5 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. எனக்கு அது பெரிய பணம். ஆனால் அதைப்போல் பல மடங்கு விலையுள்ள ஏணியைக் காதால் பிரித்தறிய முடியாத இடத்தில் இது நிற்கிறது என்பதை என் வீட்டில், என் வட்டுகளை வைத்தே சோதித்தேன். ஏணியை அனுப்புமுன் இரண்டையும் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டபோது 20 இல் கிடைத்தது 9. இப்போது ஏடிஐ-2 ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை செருகிகளை ஸ்பிரிற்றில் தோய்த்த பஞ்சால் துடைக்கிறேன். மூன்றாம் மாதத்திலேயே பஞ்சில் இளம்பச்சை தெரிந்தது.

சென்ற கிழமை மாலை மின்சாரம் போனது. அம்பிளிபயர் நின்றுவிட்டது, டாக்கும் மடிக்கணினியும் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். தலைக்கு மேலே மின்விசிறியும் நின்றிருந்ததால் அறை முற்றாக அமைதியாகிவிட்டது. அப்பாவின் பழைய வட்டு ஒன்றில், பாடகர் நிறுத்திய பின் தம்புரா மட்டும் தனியே தேயும் இடம் வந்தது. ஜீவாளி நூலின் மேல் தந்தி உரசும் அந்த ரீங்காரம் மெல்ல மெல்ல இறங்கி, பதிவின் அடிநாதமான இரைச்சலுக்குள் போய்க் கலக்கும் வரை தொடர்ந்து கேட்டது. அதற்கும் அப்பால் எவரோ பாயில் அசைந்து உட்காரும் ஓசையும் கேட்டது. இந்த வட்டை நான் சிறுவயதிலிருந்து கேட்டுவருகிறேன். அந்தப் பாயின் ஓசையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.